மேட்டை விட்டு இறங்காத புள்ளித்தீவு

என் நேசா, என் ராசா, சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் 'ம்' என்று சொல்லும் என் அருமைத் தம்பியே,

உனக்குக் கடிதம் எழுதுவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீ இருந்தபோது நான் உனக்கு எழுதியதெல்லாம் ஜாக்கெட் அளவெடுத்த சீட்டின் பின்பக்கத்தில்தான். 'சோறு மூடி வைத்திருக்கிறேன், பூனை வருவதற்குள் தின்று தொலை.' அதற்கே நீ பதில் எழுதியதில்லை. இப்போது மட்டும் எழுதிவிடப் போகிறாயா என்ன?

ஆனாலும் எழுதுகிறேன். நம் சனம் படிக்கிற விழா மலரில் போட்டுத் தருவதாக உன் முதலாளி காதர் பாய் சொல்லியிருக்கிறார். உனக்குத் தனியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ இருந்த ஒன்பது வருடமும் வரவில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாதல்லவா? அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் மற்றவர்களுக்காக நடுநடுவே சொல்லுவேன். 'இது எனக்குத் தெரியும்க்கா, மேல சொல்லு' என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. பொறுத்துக்கொள்.

முதலில் உன் ஊர்ச் செய்தி. நீ போனபோது முந்நூறுக்கு மேல் இருந்த புள்ளித்தீவுச் சனம், போன மாதம் பதினொன்றில் வந்து நின்றது. எல்லாரும் மேட்டில்தான் இருந்தார்கள். கடலில் மீன் துள்ளுகிறது, ஒருவர்கூட இறங்கவில்லை. அந்தப் பதினொன்றைப் பார்த்துக்கொண்டு தைத்ததில் ஒரு டீச்சரம்மாவின் சுடிதாருக்கு இரண்டு கையையும் இடப்பக்கத்துக்கே வெட்டிவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கு: புள்ளித்தீவு என்று அந்தமானிலும் நிக்கோபாரிலும் ஊர் எதுவும் இல்லை, தேடாதீர்கள். அது என் தம்பி நேசன் கம்ப்யூட்டருக்குள் பண்ணி வைத்த தீவு. போர்ட் பிளேரில் காதர் பாயின் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தபோது, மற்றவர்கள் வேண்டாமென்று போட்ட பாகங்களைச் சேர்த்து அவனே ஒரு பெட்டி கட்டினான். அதை அருகிலுள்ள சிப்பிகாட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், என் தையல் மெஷினுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தான். திரையில் ஒரு தீவு, நடுவில் மேடு, சுற்றிலும் நீலமாகக் கடல். சனமெல்லாம் புள்ளிகள். பிறக்கும்போது பச்சை, கிழமானால் சாம்பல் நிறம்.

அந்தப் புள்ளிகள் விதைக்கும், மீன் பிடிக்கும், குடிசை கட்டும், பிள்ளை பெறும், சாகும். நான் பார்த்தவரை ஆடு மேய்க்கிற வேலைதான் அது. ஆனால் நீ அதற்குள் வேறொன்றை வைத்திருந்தாய். ஒரு காரியம் செய்த பிறகு கெட்டது நடந்தால் புள்ளி அந்தக் காரியத்துக்குப் பயப்படும். நல்லது நடந்தால் அதையே திரும்பத் திரும்பச் செய்யும். தாய்ப் புள்ளியின் பயம் பிள்ளைப் புள்ளிக்கு வந்துசேரும், காரணம் மட்டும் சேராது. இதை நீ எனக்குச் சொன்ன அன்று நான் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் இதுகளுக்குச் சாமின்னு எதையும் குடுக்கல. பயத்த மட்டுந்தான் குடுத்தேன். சாமிய அதுகளே பண்ணிக்கிச்சி பாரு" என்று கத்தினாய். எட்டிப் பார்த்தேன். கிழங்கு தோண்டும் புள்ளிகள் எல்லாம் தோண்டப் போவதற்கு முன் ஒரு பாறையை மூன்று சுற்றுச் சுற்றின. முதலில் எவனோ ஒருவன் தற்செயலாகச் சுற்றியிருக்கிறான், அன்றைக்குக் கிழங்கு நிறையக் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அவன் பேத்தி காலத்தில் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் யாரும் குடிசை கட்டக்கூடாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நீ இதை எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா? நம் தாத்தா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்ட அனுப்பப்பட்டவர். அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிட ஒரு கவ்வாத்துச் சாமி, ஃபாக்டரிச் சக்கரத்துக்கு ஒரு ரோதமுனி. நம் சனம் எந்த வேலைக்குப் போனாலும் அந்த வேலைக்கு ஒரு சாமி முளைத்துவிடும். தாத்தா அங்கிருந்து இடுப்பில் சுமந்து வந்த கல், கச்சாலில் பால்முனி ஆயிற்று. ரப்பர் பால் வடிகிற சிரட்டையில் மழை விழாமல் காப்பது அவர் பொறுப்பு. படகு வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் வழியில், கடலோரப் புன்னை மரத்தடியில் உட்காரவைத்தார்கள்.

பாலத்துக் கதையை நீயே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். புள்ளிகள் ஓடைக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டின. பாலம் விழுந்து மூன்று பேர் செத்தார்கள். உடனே ஊருக்கே பாலம் என்றால் பயம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. நம் ஊர்க் கரண்டைப் பற்றிப் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. "அரே யார், ஃபிர் கயா!" என்று, மறுபடியும் போச்சே என இந்தியில் புலம்பி, நீ தலையில் அடித்துக்கொண்டாய். எனக்கென்ன, என்னுடையது கால் மெஷின், நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் திரையில் என்ன தெரிந்தது, நினைவிருக்கிறதா? உலகம் பத்து நிமிடம் பின்னால் போயிருந்தது. பாலமே இன்னும் கட்டப்படவில்லை, செத்த மூன்று பேரும் உயிரோடு நடமாடுகிறார்கள். ஆனால் பயம் மட்டும் அப்படியே இருந்தது. உலகத்தை ஒரு ஃபைலில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுதிவைத்த நீ, நம்பிக்கைகளை இன்னொரு ஃபைலில் அந்தந்த நொடியே எழுதிவைத்திருக்கிறாய். அதனால் பாலம் என்ற ஒன்றைக் கண்ணாலும் காணாத சனம் பாலத்துக்குப் பயந்து, ஓடையில் நீந்தி நீந்திச் செத்தது.

"தப்புன்னா திருத்தித் தொலையேன்டா" என்றேன்.

"தப்புதான்க்கா. ஆனா பாரேன், சுனாமிக்கப்புறம் நமக்கும் எல்லாத்தையும் பழையபடி கட்டிக் குடுத்துட்டாங்க. ஜெட்டி, ஸ்கூலு, வீடு. பயத்த மட்டும் யாரும் பழையபடி ஆக்கலியே" என்றாய். வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை பத்து மணி வரை நம் வீட்டில் யாரும் கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். நாம் இரண்டு பேரும் உள்ளே இருந்ததற்கு அவள் வெளியிலிருந்து வைதுகொண்டே இருந்தாள்.

நீ அதைத் திருத்தவில்லை. கரண்ட் போகப் போக உன் சனத்துக்குக் காரணமில்லாத பயம் கூடிக்கொண்டே வந்தது. சனம் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்கு ஏறியது, ஏறியது இறங்கவில்லை. மேட்டில் கிழங்கு போதவில்லை. அப்போது நீ ஒரு பட்டனைத் தட்டி மேட்டின்மேல் தானியத்தைக் கொட்டுவாய். 'நிவாரணம் குடுத்தாச்சி' என்பாய். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் வரிசையில் நின்று அரிசி வாங்கியவர்கள் நாம், அந்தச் சொல்லே நமக்குச் சிரிப்பு. கொஞ்ச நாளில் உன் சனம் விதைப்பதையும் விட்டுவிட்டு, நீ தானியம் கொட்டுகிற இடத்தைச் சுற்றி வட்டமாக நிற்கப் பழகியது. அதுவே அதன் கோயில் ஆயிற்று. அதைப் பார்த்து நீ சிரிக்கவில்லை.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளையை ஐந்து நாளில் ஒரு காய்ச்சல் கொண்டுபோகுமா? கொண்டுபோயிற்று.

கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை. சுனாமிக்குப் பிறகு கச்சாலிலிருந்து நம்மோடு இங்கே வந்த ராமையா மாமாவே, "கூடப் பொறந்தவ வைக்கட்டும், என்னா இப்ப" என்றார். வைத்தேன். "திரும்பிப் பாக்காம நட புள்ள" என்றார். கொள்ளி வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் போகிறவன் போகமாட்டான் என்பது நம் வழக்கம். நானும் பார்க்காமல் நடந்தேன். சுடுகாட்டுக் கேட்டுக்கு வெளியே காதர் பாய் தொப்பியைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார்.

மறுநாள் எலும்பையும் சாம்பலையும் சட்டியில் எடுத்து வெள்ளைத் துணியில் கட்டினோம். கடலில் கரைக்கவேண்டும். இந்தத் தீவில் கடலுக்கா பஞ்சம்? சுனாமியில் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட்டு வயலுக்குள்ளேயே கடல் வந்து நிற்கிறது. பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீரும் பட்ட தென்னையும்தான். ஆனால் அம்மா சட்டியைக் கொடுக்கவில்லை. "ஒரு ஆளத் தின்னது போதாதா அதுக்கு? இன்னொன்ன நானே என் கையால குடுக்கணுமா?" என்று மடியில் வைத்துக்கொண்டாள். சுனாமியில் போன அப்பாவின் உடம்பு கடைசி வரை கிடைக்கவில்லையே, அவளிடம் யார் என்ன பேசுவது? அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று மாமா மட்டும் சொன்னார். பின்னாலிருக்கும் பலாமரத்தில் கட்டினோம். ஒரு வருடமாக நீ அங்கேதான் தொங்குகிறாய். அம்மா தினமும் பொழுது சாயும்போது அடியில் விளக்கு வைக்கிறாள். உருப்படியாக ஒரு கிளையில் உட்காரத் தெரியாதவனை இப்படி மரத்தில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

அக்கம்பக்கத்தில் என்னைத்தான் ஏசுகிறார்கள். கிழவிக்குப் புத்தியில்லை, உனக்குமா இல்லை என்கிறார்கள். அம்மாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் சும்மா இருந்தேன். உண்மையில் எனக்கும் கடலுக்குப் போகக் கால் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு நம் மூன்று பேருக்கும் பாதத்தில் கடல் தண்ணீர் பட்டதில்லை என்பது ஊருக்குத் தெரியாதே.

எட்டு மாதம் உன் பெட்டியை நான் தொடவில்லை. திரைமேல் ஒரு பாவாடைத் துணியைப் போட்டு மூடிவைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் பகலில், தூசு தட்டும்போது சும்மா சுவிட்சைத் தட்டிவிட்டேன். உன் சனம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. எல்லாம் மேட்டில் வட்டமாக நின்று நிவாரணத்துக்குக் காத்திருந்தது. எந்தப் பட்டன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், மழை பெய்தது, நிலம் ஆடியது, தானியம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தைத்துக்கொண்டே பார்ப்பேன். இருநூறு, நூறு, நாற்பது, பதினொன்று.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு காதர் பாயிடம் ஓடினேன். அவர் இரண்டு ஃபைல் விஷயத்தைக் கண்டுபிடித்து, உலகமும் நம்பிக்கையும் சேர்ந்தே பதிவாகிற மாதிரி சரி செய்தார். "இனிமே கரண்டு போனாலும் காரணமில்லாத பயம் வராதும்மா" என்றார். வந்த பயங்களும் மெல்லக் குறைந்தன. ஒரு பச்சைப் புள்ளி ஓடையின்மேல் ஒரு கட்டையைப் போட்டு நடந்தே போயிற்று. எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனாலும் மேட்டை விட்டு ஒன்றும் இறங்கவில்லை.

பாய் நம்பிக்கை ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் நம்பிக்கை, காரணம், பலம் என்று மூன்று கட்டம். எல்லாம் கம்ப்யூட்டர் தானாக எழுதியவை. முதல் இரண்டு வரி மட்டும் நீ கையால் எழுதியவை.

"என்னம்மா புவனா, தம்பி இப்புடி எழுதி வச்சிருக்கான்?" என்று பாய் படித்தார். "'மேட்டிலிருந்து குரல் வந்தால் ஏறு. திரும்பிப் பார்க்காதே.' காரணம்னு போட்ட எடத்துல 'அக்கா'ன்னு இருக்கு. மத்ததுக்கெல்லாம் பலத்துல நம்பர் இருக்கு, கெட்டது நடக்கலேன்னா தன்னால கொறையும். இதுக்கு மட்டும் 'பக்கா'ன்னு போட்டிருக்கான். அப்புடின்னா கொறையவே கொறையாதும்மா."

இரண்டாவது வரியையும் படித்தார். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கச்சாலில் நிலம் ஆடி, நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் சுவரெல்லாம் வெடித்து, எல்லாரும் வெளியே நின்றோம். கடல் உள்வாங்கியதை யாரோ வந்து சொன்னார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "இந்த ஆட்டத்துல சாமி சாஞ்சி கெடக்கும். நிமித்தி வச்சிட்டு வந்திர்றேன்" என்று புன்னை மரத்துக்கு இறங்கினார். நீ பின்னாலேயே ஓடினாய். அம்மா மற்றவர்களோடு மேட்டில் ஏறிவிட்டாள். நான் ரப்பர் காட்டு வளைவில் நின்றேன். கடல் திரும்பிவருகிற சத்தம் கேட்டது. "நேசா, ஏறு! திரும்பிப் பாக்காத!" என்று கத்தினேன். நீ ஏறி வந்தாய். அப்பா வரவில்லை.

இவ்வளவுதான் நான் எல்லாருக்கும் சொன்ன கதை. உனக்கும் இவ்வளவுதான் சொன்னேன்.

நான் நின்ற இடத்திலிருந்து அப்பா தெரிந்தார், நேசா. அவர் கீழே மரத்தடியில் இல்லை. உனக்குப் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தார். உனக்கும் அவருக்கும் பத்து ரப்பர் மரம்கூட இருக்காது. இடுப்பில் அந்தக் கல் இருந்தது. சாய்ந்து கிடந்த சாமியை விட்டுவர மனம் வராமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கீழே போட்டால் ஓடியிருக்கலாம். போடவில்லை. "நேசா, ஒரு கை குடுடா" என்று கூப்பிட்டார். உன் கால் தயங்கியதைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் தண்ணீரையும் பார்த்தேன்.

அப்போதுதான் இன்னும் பலமாகக் கத்தினேன். அவர் குரல் உன் காதில் விழக்கூடாது என்றுதான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். நீ ஏறினாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கல்லைப் பிடுங்கிப் போட்டு அவரை இழுத்து வந்திருப்பாயா? இல்லை, மேட்டில் நானும் அம்மாவும் இரண்டே பேராக நின்றிருப்போமா? பதினான்கு வயதுப் பிள்ளை, உன் கையில் என்ன பலம் இருந்திருக்கும் என்று ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையும் எனக்குப் போதவில்லை. உன்னைப் பிழைக்க வைத்தேன் என்று மாமா நாலு பேர் முன்னால் என்னைப் புகழும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அதை வெட்கம் என்று நினைத்தார்கள்.

உனக்கு மட்டும் கேட்கவில்லை என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் உனக்குச் சோறு போட்டேன், உன்னை வைதேன், உன் சட்டைக்குப் பட்டன் தைத்தேன்.

இரண்டாவது வரி இதுதான்: 'பின்னாலிருந்து கூப்பிட்டால்'. அதோடு நிற்கிறது. மீதியை நீ எழுதவில்லை. பலம் என்ற கட்டம் காலி. காரணம் என்ற கட்டத்தில், 'அப்பா'.

உனக்குக் கேட்டிருக்கிறது.

கேட்டுக்கொண்டேவா ஏறினாய், நேசா? கேட்டுவிட்டு ஒன்பது வருடம் எதிரில் உட்கார்ந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்? முதல் வரியில் 'அக்கா' என்று எழுதியது நன்றியா, குற்றச்சாட்டா? இரண்டாவது வரியை முடிக்கத் தெரியாமல் விட்டாயா, முடித்தால் நான் பார்த்துவிடுவேன் என்று விட்டாயா? பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைப் பையனிடம் டீ சொல்லி அனுப்பினார்.

"முதல் வரிதாம்மா அதுகள மேட்டுலயே கட்டிப் போட்டிருக்கு. டிலீட் பண்ணிரட்டுமா?" என்றார்.

"வேணாம் பாய். அது சொன்ன நேரத்துக்குச் சரியான வார்த்தைதான்" என்றேன். "அந்த 'பக்கா'வ மட்டும் எடுத்துடுங்க. மத்ததுக்கு இருக்கிற மாதிரி ஒரு நம்பரப் போடுங்க. கொறையணும்னா தன்னால கொறையட்டும்."

"ரெண்டாவது?"

"அதுல கை வைக்க எனக்குப் பாத்தியதை இல்ல பாய்." அதனால் அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, பதினொன்றில் ஒரு சாம்பல் புள்ளி, கிழம், மேட்டு விளிம்புக்கு வந்தது. நின்றது. இறங்கியது. பாதி வழியில் மேட்டைப் பார்த்துத் திரும்பி ஒரு நொடி நின்றது. பிறகு கடலுக்குப் போய் ஒரு கூடை மீனோடு மேலே ஏறியது. நான் வாயில் வைத்திருந்த ஊசியை எடுக்க மறந்து போனேன்.

மறுநாள் நாலு புள்ளி இறங்கின. நாலும் பாதி வழியில் திரும்பிப் பார்த்தன. அடுத்த நாள் இறங்கியவையும் அப்படியே. பாய்க்குப் போன் போட்டேன். "அந்தக் கெழம் சும்மா திரும்பியிருக்கும்மா, புள்ளிக எப்பவும் அப்புடி இப்புடித் திரும்பும். மீனு கெடைச்சதால அதுதான் காரணம்னு ஊரே புடிச்சிக்கிச்சி" என்று சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல ஃபைலைத் திறந்தேன், அடியில் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது. 'இறங்கும்போது மேட்டைத் திரும்பிப் பார்.' காரணம், மீன். மீனுக்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் என்னடா சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் உன் சனத்துக்கு இன்று அதுதான் வழக்கம். போன வாரம் இரண்டு பச்சைப் புள்ளி பிறந்திருக்கிறது. பதின்மூன்று என்று சொல்லலாம் என்று பார்த்தால் அந்தச் சாம்பல் புள்ளியைக் காணோம், அதனால் பன்னிரண்டு.

அம்மாவும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "இதுகளுக்கு இப்ப யாரு சோறு போடுறா?" என்று கேட்டாள்.

"யாரும் போடலம்மா. அதுகளே எறங்கிப் புடிச்சித் தின்னுதுக."

"பசிச்சா எறங்கித்தானே ஆவணும்" என்றாள். அன்று பலாமரத்தடியில் விளக்கு வைத்துவிட்டு உள்ளே வந்தவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "புவனா, எந்தக் கெழம நல்லாருக்கு?" என்றாள். உன்னைக் கடலில் கரைக்கத்தான் கேட்கிறாள்.

"ஞாயித்துக்கெழமைல போவோம்மா."

"ஞாயித்துக்கெழமையா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். விளக்குத்திரியை நறுக்கிக்கொண்டே, "பத்து மணிக்கு மேல போவம். நான் தண்ணில மட்டும் எறங்க மாட்டேன்" என்றாள்.

ஆகவே வருகிற ஞாயிறு, பத்து மணிக்கு மேல். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, இந்தக் கடிதம் அவளுக்கு எட்டாது. அதனால் சனிக்கிழமையே அவளை மரத்தடியில் உட்காரவைத்து, அப்பா எங்கே நின்றார், என்ன சொல்லிக் கூப்பிட்டார், நான் ஏன் கத்தினேன் என்று வாயால் சொல்லிவிடுவேன். அவள் என்னை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு வராமலே போகலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, நேசா. இருந்தாலும் சொல்லுவேன்.

கடலில் இடுப்பளவு இறங்கி, சட்டியைச் சாய்த்து, உன்னைக் கரைப்பேன். அப்பா இருக்கிற தண்ணீரில் நீயும் இருப்பாய். கரையில் ராமையா மாமா நிற்பார், "திரும்பிப் பாக்காம வா புள்ள" என்பார். மேட்டிலிருந்து வருகிற குரல் அது. இந்த ஒரு தடவை நான் கேட்கமாட்டேன். கரைக்கு வரும் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்ப்பேன். உன்னையும் பார்ப்பேன், உனக்குப் பின்னால் கல்லோடு ஏறி வந்தவரையும் பார்ப்பேன். இது சத்தியம்.

அன்று உன்னைத் திரும்பவிடாத,
உன் அக்கா
புவனா